தடுமாறும் சுட்டியும் தடுமாறும் குறிப்புத்தாளும்

அறிவியல் நூல் ஒன்று வெளிவந்தால் மதிப்புரை எழுதுகிறோம். பாடநூலில் பிழை இருந்தால் கேள்வி கேட்கிறோம். ஆனால் வீடுதோறும் வந்து சேரும் ஓர் அறிவியல் எழுத்தை மட்டும் யாரும் எடைபோட்டுப் பார்ப்பதில்லை. மௌஸ் எனப்படும் சுட்டியின் பெட்டிக்குள், எட்டாக மடித்து வைத்திருக்கும் குறிப்புத்தாளைத்தான் சொல்கிறோம். பெட்டியைத் திறந்த அன்றே பலர் அதை எறிந்துவிடுகின்றனர். சில மாதங்கள் கழித்து, கம்பியில்லாச் சுட்டி தடுமாறத் தொடங்கும்போதுதான் அதைத் தேடுகின்றனர். தேடி எடுத்துப் படித்தவருக்கு அது எவ்வளவு உதவுகிறது? இதுவே நம் கேள்வி. எந்த ஒரு நிறுவனத்தின் தாளையும் இங்குக் குறிப்பிடவில்லை. பெரும்பாலான தாள்கள் ஒரே அச்சில் வார்த்தவையாகவே உள்ளன.

ஒரு துண்டுத்தாளுக்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் நினைக்கலாம். சேலம் மாவட்டத்தில், கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையே உள்ள தம்மம்பட்டியை எடுத்துக்கொள்வோம். மரச்சிற்பங்களால் பெயர்பெற்ற ஊர். அங்குள்ள ஒரு ஜெராக்ஸ் கடையில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவி ஒருத்தி கணிப்பொறி முன் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியாக நடைபெறுகிறது. முன்பு சென்னைக்குச் சென்று தேர்ந்தெடுத்த கல்லூரியை, இன்று உள்ளூரிலிருந்தே வரிசைப்படுத்தித் தரலாம். அந்நேரத்தில் சுட்டியைச் சொடுக்கியது பதியாமல் போகிறது. பதியவில்லை என்று எண்ணி மறுமுறை சொடுக்க, இரண்டும் சேர்ந்து பதிகின்றன. விரும்பாத கல்லூரி பட்டியலில் ஏறிவிடுகிறது. பழுது பார்ப்பவரைத் தேடி ஆத்தூருக்கோ சேலத்துக்கோ ஓட நேரமில்லை. அப்போது கைகொடுக்க வேண்டியது அந்தக் குறிப்புத்தாள் ஒன்றுதான்.

தாள் சொல்வது என்ன?

பல தாள்களின் சாரத்தை இவ்வாறு திரட்டலாம்: மின்கலத்தை மாற்றுக, கணிப்பொறியில் செருகியுள்ள சிறு ரிசீவரைக் கழற்றி மீண்டும் செருகுக, வேறு துளையில் செருகிப் பார்க்க, சுட்டியை அணைத்துப் போடுக, டிரைவர் மென்பொருளை மறுபடி நிறுவுக, கணிப்பொறியை நிறுத்தித் தொடங்குக, அப்படியும் சரியாகாவிடில் விற்பனையாளரை அணுகுக.

இவற்றில் பொய் எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சமயத்தில் பலன் தரக்கூடியதே. ஆனால் காய்ச்சலா, வயிற்றுவலியா, கால் சுளுக்கா என்று கேளாமல் வருவோர்க்கெல்லாம் ஒரே மருந்துச் சீட்டைத் தரும் மருத்துவரை நாம் நல்ல மருத்துவர் என்போமா? இத்தாள் அதைத்தான் செய்கிறது. கோளாறின் வகையைக் கேட்பதில்லை. எந்தக் கட்டளை எந்தக் கோளாறுக்கு என்று சொல்வதில்லை. பயனரும் பதற்றத்தில் மூன்று நான்கு கட்டளைகளை ஒன்றாகச் செய்துவிடுகிறார். சுட்டி சரியாகிவிட்டால் எதனால் சரியாயிற்று என்று தெரியாது. நாளை மீண்டும் தடுமாறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

சிற்பியிடம் தொழில் பழகும் இளைஞன், செதுக்கும்போது மரம் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது என்று நிற்கிறான். உளியை மாற்று, மரத்தை மாற்று, மேசையை மாற்று என்று குரு அடுக்குவதில்லை. மரத்தின் நார் எப்பக்கம் ஓடுகிறது என்று பார்க்கச் சொல்வார். நாரின் போக்குக்கு எதிராக உளி சென்றால் மரம் பிய்யும். இதை ஒருமுறை அறிந்தவன் அடுத்த மரத்தில் தானே திருத்திக்கொள்வான். காரணம் அறிந்தவனுக்குப் பட்டியல் தேவையில்லை.

சுட்டியின் வரலாறும் மரத்தில்தான் தொடங்கியது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் வகுத்த கருத்தின்படி, பில் இங்கிலிஷ் என்னும் பொறியாளர் 1964-இல் உருவாக்கிய முதல் சுட்டி, ஒரு மரக்கட்டைக்குள் அடங்கிய கருவி. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கூட்டத்தில் சுட்டியின் வேலை பலரறியக் காட்டப்பட்டது. அதற்கு வால்போல் ஒரு கம்பி இருந்தது. கம்பி அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். 1991-இல் லாஜிடெக் நிறுவனம் வானொலி அலையால் இயங்கும் சுட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கம்பி போயிற்று, அதோடு கண்ணால் காணக்கூடிய காரணமும் போயிற்று. காணாத காரணத்தை எடுத்துச் சொல்லும் கடமை அன்றுமுதல் குறிப்புத்தாளுக்கு வந்து சேர்ந்தது. அக்கடமையை அது செய்ததா?

மூன்று கண்ணிகள்

கம்பியில்லாச் சுட்டியின் வேலையை மூன்று கண்ணிகள் கொண்ட சங்கிலியாகக் கொள்ளலாம். முதலாவது, சுட்டியின் கண். அதன் அடியில் ஒரு சிறு விளக்கும் ஒரு சிறு கேமராவும் உள்ளன. மேசைப் பரப்பை அது ஓயாமல் படமெடுத்து, ஒரு படத்தை அடுத்ததோடு ஒப்பிட்டு, எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்கிடுகிறது. 1999-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஒளிச்சுட்டியே விநாடிக்கு 1,500 படங்கள் எடுத்தது. பரப்பில் புள்ளியோ, நாரோ, சொரசொரப்போ இருந்தால்தான் ஒப்பிட முடியும். கண்ணாடியிலும், பளபளவென்று வார்னிஷ் பூசிய பலகையிலும் பல சுட்டிகளுக்குப் பிடி கிடைப்பதில்லை.

இரண்டாவது கண்ணி காற்று. சாதாரணச் சுட்டி விநாடிக்கு 125 முறை, அதாவது 8 மில்லி விநாடிக்கு ஒருமுறை, தன் கணக்கை வானொலி அலையில் ரிசீவருக்கு அனுப்புகிறது. ஒன்றிரண்டு செய்திகள் தவறினால் நமக்குத் தெரியாது. தொடர்ந்து பத்துப் பன்னிரண்டு தவறினால் பத்தில் ஒரு விநாடி போய்விடும். அம்புக்குறி நின்று நின்று தாவும். மூன்றாவது கண்ணி கணிப்பொறி. வந்த செய்தியை வாங்கி அம்புக்குறியை நகர்த்துவது அதன் வேலை. அது வேறு பெரிய வேலையில் மூழ்கியிருந்தால், சரியாக வந்த செய்தியும் காத்துக்கிடக்கும்.

இந்த மூன்றையும் பிரித்தறிய இரண்டே சோதனைகள் போதும். முதல் சோதனை: அம்புக்குறி தடுமாறும்போது பொத்தானைச் சொடுக்கிப் பாருங்கள். சொடுக்கியதும் உடனே வேலை நடந்தால், செய்தி காற்றில் ஒழுங்காகச் சென்று சேர்கிறது என்று பொருள். குற்றம் கண்ணில்தான். லென்ஸின் மேலுள்ள தூசியைத் துடைத்து, அடியில் ஒரு வெள்ளைத்தாளை வைத்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். நகர்வு, சொடுக்கு இரண்டுமே தாமதித்தால் இரண்டாம் சோதனை: ஒரு கம்பிச் சுட்டியைச் செருகிப் பாருங்கள், மடிக்கணினியாயின் அதன் தொடுபலகையே போதும். அதுவும் தாமதித்தால் குற்றம் கணிப்பொறியில். அது ஒழுங்காக இயங்கினால் மீதமிருப்பது காற்றும் அதன் இரு முனைகளும்தான்.

இவ்விரு சோதனைகளுக்கும் காசு செலவில்லை. நான்கு வரியில் எழுதிவிடலாம். ஆனால் இவை நாம் கூறும் குறிப்புத்தாள்களில் அரிதாகவே காணப்படுகின்றன.

பொடியெழுத்தில் ஒளிந்த உண்மை

இனி, மிக வியப்பான செய்திக்கு வருவோம். காற்றில் நேரும் கோளாறின் காரணம் பல தாள்களில் அச்சாகியே இருக்கிறது. உதவிப் பகுதியில் அல்ல; தாளின் கடைசி மடிப்பில், பொடியெழுத்தில் உள்ள சட்டக் குறிப்புகளில். அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தின் விதிப்படி, இத்தகைய கருவிகள் இரண்டு நிபந்தனைகளுக்கு உட்பட்டவை. ஒன்று, பிற கருவிகளுக்குத் தீங்கான குறுக்கீடு செய்யலாகாது. மற்றொன்று, பிற கருவிகளிடமிருந்து வரும் குறுக்கீட்டை, அதனால் தன் இயக்கமே கெட்டாலும், ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் நிபந்தனையை மறுபடி படியுங்கள். சுட்டி தடுமாறக்கூடும், அதற்கு அண்டைக் கருவிகள் காரணமாகலாம், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று தயாரிப்பாளரே ஒப்புக்கொள்ளும் வாக்கியம் அது. இந்தியச் சட்டமும் இதையே சொல்கிறது. 2005 ஜனவரியில் வெளியான விதிகளின்படி, 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் குறைந்த ஆற்றல் கருவிகளை உரிமம் இன்றிப் பயன்படுத்தலாம். ஆனால் யாருக்கும் தனியுரிமை இல்லை. குறுக்கீட்டிலிருந்து பாதுகாப்புக் கேட்கவும் முடியாது. அது ஊர்ப் பொதுக்குளம் போன்றது.

அக்குளத்தில் இறங்குவோர் பலர். வைஃபை, புளூடூத், கம்பியில்லா விசைப்பலகை எல்லாம் அங்கேதான். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ 2,450 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அதிலிருந்து கசியும் சிறு அளவும் இவ்வலைவரிசையில் இரைச்சலாகச் சேரும். சுட்டி வெளியிடும் ஆற்றலோ ஏறத்தாழ ஒரு மில்லிவாட். வைஃபை கருவிகள் அதைப்போல் நூறு மடங்கு வெளியிடுவது இயல்பு. திருவிழா ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்று காதோடு இரகசியம் பேசுவதற்கு ஒப்பானது சுட்டியின் நிலை.

இந்த அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் வரும் விடை. பள்ளி மாணவர் எவரும் போட்டுப் பார்க்கலாம். இரும்பு மேசையிலும் கணிப்பொறிப் பெட்டியின் தகட்டிலும் பட்டு அலை திரும்புகிறது. நேராக வரும் அலையும் திரும்பி வரும் அலையும் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அத்தகைய இடத்தில் ரிசீவர் அமைந்துவிட்டால் செய்தி கிட்டாது. மூன்று சென்டிமீட்டர் தள்ளி வைத்தாலே கிட்டிவிடலாம். கடைகளில் கணிப்பொறிப் பெட்டியை மேசைக்கு அடியில் வைத்து, அதன் முதுகில் ரிசீவரைச் செருகுவது வழக்கம். தகட்டுப் பெட்டி முழுவதும் குறுக்கே நிற்கிறது. உட்கார்ந்திருப்பவரின் உடலிலுள்ள நீரும் அலையை உறிஞ்சுகிறது. அங்கே போய் மின்கலத்தை மாற்றி என்ன பயன்?

சட்டம் கேட்டதால் உண்மையைப் பொடியெழுத்தில் அச்சிட்டனர். பயனர் கேட்கவில்லை, ஆகவே உதவிப் பகுதியில் அச்சிடவில்லை. இத்தாளின்மீது நாம் சாட்டும் பெருங்குற்றம் இதுவே.

நீலத் துளை

இரண்டாம் குற்றம், தெரிந்த செய்தியைச் சேர்க்காதது. யு.எஸ்.பி. 3.0 என்னும் வேகமான இணைப்பின் வரையறை 2008-இல் வெளியாயிற்று. பல கணிப்பொறிகளில் அத்துளையின் உட்பகுதி நீல நிறத்தில் இருக்கும். 2012 ஏப்ரலில் இன்டெல் நிறுவனம் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. யு.எஸ்.பி. 3.0 கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை எழுப்புகின்றன என்றும், பக்கத்தில் உள்ள கம்பியில்லாக் கருவிகளை அது பாதிக்கிறது என்றும் அதில் அளந்து காட்டினர்.

காரணம் எளியது. இவ்விணைப்பில் விநாடிக்கு 500 கோடி துணுக்குகள் செல்கின்றன. 0, 1, 0, 1 என மாறி மாறிச் சென்றால் இரண்டு துணுக்குகளுக்கு ஓர் அலைவு; ஆக விநாடிக்கு 250 கோடி அலைவுகள், அதாவது 2.5 கிகாஹெர்ட்ஸ். உண்மையில் துணுக்குகள் கலைந்து செல்வதால், ஆற்றல் ஓரிடத்தில் குவியாமல் அகலப் பரவி, சுட்டியின் அலைவரிசையையும் மூடுகிறது. ஹார்டு டிஸ்க் போன்ற கருவியை இணைத்திருக்கும்போது இரைச்சல் ஏறத்தாழ 20 டெசிபெல் உயர்ந்ததாக அவ்வறிக்கை கூறுகிறது.

20 டெசிபெல் என்பது நூறு மடங்கு. திறந்தவெளியில் அலையின் ஆற்றல் தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். ஆகவே நூறு மடங்கு இரைச்சலைச் சமாளிக்கச் சுட்டியைப் பத்து மடங்கு அருகில் கொண்டுவர வேண்டும். பெட்டியின்மேல் 10 மீட்டர் என்று அச்சிட்ட எட்டும் தொலைவு, நீலத் துளைக்குப் பக்கத்தில் 1 மீட்டராகச் சுருங்கிவிடும்! மேசைக்கு அடியில் உள்ள பெட்டியிலிருந்து கை வரைக்கும் அதற்கே போதாது.

இப்போது தாளின் கட்டளையைப் பாருங்கள்: வேறு துளையில் செருகிப் பார்க்க. எந்தத் துளையில்? காரணம் சொல்லாததால், பயனர் ஒரு நீலத் துளையிலிருந்து அடுத்த நீலத் துளைக்கு மாற்றுவார். பலன் இராது. துளையும் கெட்டுவிட்டது என்று முடிவு செய்வார். ஹார்டு டிஸ்குக்கு எதிர்ப்பக்கத்துத் துளையில் செருகுக, அல்லது ஒரு சிறு நீட்டிப்புக் கம்பியில் செருகி மேசைமேல் கொண்டுவருக என்று எழுதியிருந்தால் வேலை முடிந்தது. சில நிறுவனங்கள் அந்த நீட்டிப்புக் கம்பியைப் பெட்டியிலேயே வைத்துத் தருகின்றன, பாராட்டுக்குரியது. ஆனால் எதற்காக என்று சொல்லாததால், அதுவும் பெட்டியோடு பரணுக்குப் போய்விடுகிறது.

முன்பின் மாறிய வரிசை

வரிசையிலும் குறை உண்டு. மின்கலம் எப்போதும் முதலிடத்தில் நிற்கிறது. மின்கலம் தளர்ந்தாலும் எட்டும் தொலைவு குறையும், இரைச்சல் கூடினாலும் குறையும். அறிகுறி ஒன்றுபோல் தோன்றும். வேறுபடுத்துவது காலம். மின்கலத்தால் வரும் கோளாறு பெரும்பாலும் நாளுக்கு நாள் வளரும். இரைச்சலால் வருவது வந்து வந்து போகும்: டிஸ்கைச் செருகும்போது, பெரிய கோப்பு இறங்கும்போது. இந்த ஒரு வாக்கியம் இல்லாமையால் நல்ல மின்கலங்கள் எத்தனை குப்பைக்குப் போகின்றனவோ!

டிரைவரை மறுபடி நிறுவுவது நடுவில் நிற்கிறது. சாதாரணச் சுட்டிகள் கணிப்பொறியின் இயக்க மென்பொருளிலேயே உள்ள பொது டிரைவரைக் கொண்டு இயங்குபவை. நகர்ந்துகொண்டிருக்கும் சுட்டியின் இடைவிட்ட தடுமாற்றத்துக்கு அது காரணமாவது அரிது. இது கடைசிக்குப் போக வேண்டியது. மாறாக, சற்றுநேரம் சும்மா இருந்தபின் மட்டும் தாமதமாக விழித்தால், அது மின்சாரம் சேமிக்கச் சுட்டி உறங்கியதால். கணிப்பொறியே யு.எஸ்.பி. துளைக்கு மின்சாரத்தை நிறுத்திச் சேமிக்கும் ஏற்பாடும் உண்டு; அதன் அமைப்பில் நீக்கிவிடலாம். இவ்வகைக்குத் தாளில் இடமில்லை.

புளூடூத் சுட்டிக்குத் தனி ரிசீவர் கிடையாது. பல மடிக்கணினிகளில் புளூடூத்தும் வைஃபையும் ஒரே சில்லில் அமைந்தவை. வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால், சுட்டிக்குக் குளத்தில் இடம் கிடைக்கும். ரிசீவரைக் கழற்றிச் செருகு என்னும் கட்டளை இவருக்கு எதற்கு?

இரு மறுப்புகள்

தாள் சிறியது, இயற்பியலுக்கு இடமில்லை என்று தயாரிப்பாளர் கூறலாம். மேலே சொன்ன இரு சோதனைகளும், நீலத் துளை பற்றிய ஒரு வரியும், மின்கலம் பற்றிய ஒரு வரியும் ஒரு மடிப்பில் அடங்கும். சட்டக் குறிப்புகளுக்கு அதைவிடக் கூடுதல் இடம் தரப்பட்டுள்ளது. பல மொழிகளில் அச்சிட்ட தாள்களிலும் தமிழைக் காண்பது அரிது. பொடியெழுத்துக்குக் கிடைத்த இடத்தில் பாதி தமிழுக்குக் கிடைத்தாலே போதும்.

காரணம் சொன்னால் பாமரர் குழம்புவர் என்பது மற்றொரு மறுப்பு. இதை நாம் முற்றிலும் ஏற்பதற்கில்லை. இன்டெல்லின் அறிக்கை கருவி வடிவமைப்போருக்காக எழுதப்பட்டது. அவர்களுக்குக் காரணமும் அளவும் கிடைத்தன. பயனருக்குக் கிடைத்தவை கட்டளைகள். பொறியாளருக்குக் காரணம், மற்றவர்க்குக் கட்டளை என்னும் இப்பிரிவினைதான் ஒரு சிற்றூர்க் கடைக்காரரை எப்போதும் பிறர் கையை எதிர்பார்த்து நிற்க வைக்கிறது. மரத்தின் நாரைப் படிக்கத் தெரிந்த ஊருக்கு, அலையின் போக்கைப் படிப்பது எட்டாத வித்தையா?

தாள்கள் திருந்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாசகர்கள் ஓர் அட்டையில் இந்நான்கு கேள்விகளை எழுதிக் கணிப்பொறியின் அருகே ஒட்டிவைக்கலாம்: சொடுக்கு உடனே வேலை செய்கிறதா? கம்பிச் சுட்டியும் தாமதிக்கிறதா? ரிசீவருக்கு ஒரு சாண் அருகில் கொண்டுவந்தால் சரியாகிறதா? பக்கத்தில் எந்தக் கருவி புதிதாகச் செருகப்பட்டது? ஒவ்வொன்றின் எதிரிலும் காரணத்தையும் எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கலந்தாய்வுக் காலத்தில் அந்த அட்டை ஒரு மாணவியின் பதற்றத்தைத் தணிக்குமாயின், பெட்டிக்குள் இருந்த தாள் செய்யாத வேலையை அது செய்துவிட்டது எனலாம்.